படம் எடுத்தால் பவளப்பாறை பிழைத்துவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள் கண்ணுகளா.

ஒரு வாரமாக நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே வீடியோ சுற்றுகிறது. கடலுக்கடியில் ரோபோ போய்ப் பவளப்பாறையைப் படம் எடுக்கிறது. "இனி கவலையில்லை, டெக்னாலஜி வந்தாச்சு" என்று ஆளாளுக்குக் கைதட்டியிருக்கிறீர்கள். "நம்ம கோயமுத்தூருக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று மாப்பிள்ளை ஒருத்தர் கேட்டிருக்கிறார்.

முதலில் மாப்பிள்ளைக்கு. ஞாயிற்றுக்கிழமை உக்கடம் மார்க்கெட்டில் நீங்கள் வாங்கும் மீனில் ஒரு பங்கு ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து வருகிறதுங்க. அந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள். அவற்றைச் சுற்றி 117 வகைப் பவளங்கள். மீன் குஞ்சுகள் ஒளிந்து வளரும் இடம் அது. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனாலும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாறையை வெட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்குள்.

இனி கைதட்டியவர்களுக்கு. நான் கேமராவுக்கு எதிரி இல்லை. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் செய்த 'ப்ரோவ்' என்ற கருவி அந்தமான் பவளப்பாறைகளைப் படம் எடுத்திருக்கிறது. நம் ஆட்கள் செய்தது, பெருமைதான். முக்குளிப்பவர்கள் டேப் பிடித்து, சட்டம் வைத்து, அதே இடத்தை மறுபடி மறுபடி படம் எடுக்கிறார்கள். தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தை முதலில் விழுங்கிவிடும் என்பதால், நிறம் ஏமாற்றாமல் இருக்கப் பக்கத்தில் வண்ண அட்டையும் வைப்பார்கள். எத்தனை பங்கு உயிரோடு இருக்கிறது என்று படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே எண்ணும் காலம் இது. எல்லாம் சரி. எண்ணிய பிறகு என்ன செய்தோம்?

பவளம் கல் இல்லை, சின்னச் சின்ன உயிர்களின் கூட்டம். வகுப்பில் நடத்தியது நினைவிருக்கும். அதன் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்துக்குப் பெரும்பாலும் சோறு போடுவது அந்தப் பாசிதான். கோடையில் வழக்கத்தைவிட ஒரு டிகிரி சூடு கூடிச் சில வாரம் நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். வெளுத்தது செத்தது இல்லை. சூடு தணிந்தால் தேறும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும். நமக்குக் கிடைப்பது அந்தச் சில வாரங்கள்தான்.

2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் நடந்தது அதுதான். உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது. இப்படித் துல்லியமாகச் சொல்ல முடிவது தண்ணீருக்குள் இறங்கி அளந்தவர்களால். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு வரும் கணக்கு பிரேதப் பரிசோதனை அறிக்கைதானே?

கடல் சூட்டை ராமநாதபுரம் அதிகாரி யாரும் குறைக்க முடியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காய்ச்சல்காரன் தலையில் மூட்டை ஏற்றாமல் இருக்கலாம் அல்லவா? கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அந்த வாரங்களிலாவது அதைக் கறாராக நடத்தலாம். பாறையில் சிக்கிய பழைய வலைகளை எடுக்கலாம். சுற்றுலாப் படகை நிறுத்தலாம். கழிவுநீரைத் தடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-லேயே பதிவு செய்துவிட்டார்கள். அதே பாசியை வளர்க்க இன்றும் அரசே ஊக்கம் தருகிறது. பிழைப்புக்காகப் பாசி வளர்க்கும் பெண்களைக் குறை சொல்லவில்லை. வேறு பாசியை, பாதுகாப்பான இடத்தைக் காட்டாதவர்களைத்தான் சொல்கிறேன். இங்கே படம் போதாமலா போயிற்று?

நமக்கு இது புதிதா என்ன? நொய்யலை அளக்காத ஆள் உண்டா? பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்து உப்பளவு பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டி ஆகும்வரை. அந்தக் கணக்குகளைக் கையில் எடுத்துக்கொண்டு விவசாயிகள் கோர்ட் ஏறிய பிறகுதான் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அளவு ஆபீஸ் பீரோவில் இருந்தவரை ஒன்றும் நடக்கவில்லை. பாதிக்கப்பட்டவன் கைக்கு வந்தபோதுதான் வேலை செய்தது.

அதனால் நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, நம் வரிப்பணத்தில் எடுக்கும் படங்களை எடுத்த மாதமே, தமிழ் விளக்கத்தோடு, அந்தந்த மீனவர் ஊர்களுக்குக் கொடுங்கள். இரண்டு, இத்தனை சதவீதம் வெளுத்தால் எந்தத் துறை எத்தனை நாளில் என்ன செய்யும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். மூன்று, புது மெஷின் வாங்கும் செலவில் ஒரு பங்கைக் காவலுக்கும் வலை அகற்றவும் ஒதுக்குங்கள்.

சரவணம்பட்டியிலும் பெங்களூரிலும் சாஃப்ட்வேரில் இருக்கும் பிள்ளைகளே, பவளம் எண்ணும் புரோகிராம் எழுதும் வாய்ப்பு வந்தால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் அந்த எண் யார் மேசைக்குப் போகிறது, அவர் அன்றைக்கே என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். மாப்பிள்ளையும் வரலாமுங்க.