மகனின் பெயரை யார் படிக்கப்போகிறார்கள்?

தமிழ்நாட்டில் ஆண் குழந்தைக்குப் பெயர் வைக்கும் பெற்றோர், தங்களுக்குத் தெரியாமலே இன்னும் சிலருக்கும் சேர்த்துப் பெயர் வைத்துவிடுகிறார்கள். அவனுக்கு நாளை பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்தான் முன்னெழுத்து. அவன் மனைவி கணவர் பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்டால் அவருக்கும் அதுதான். மற்ற பல இடங்களில் குடும்பப் பெயர் செய்கிற வேலையை இங்கே ஒருவனுடைய சொந்தப் பெயரே செய்கிறது. பெண் குழந்தையின் பெயர் பெரும்பாலும் அவளோடு நின்றுவிடுகிறது. அது நியாயமா என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். மகனின் பெயரோ பேரப்பிள்ளையின் பாஸ்போர்ட் வரை போகிறது.

பெயர் தேடும் வீட்டில் நடக்கும் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். நட்சத்திரத்துக்கு எந்த எழுத்து, நியூமராலஜியில் கூட்டினால் என்ன எண், தாத்தா பெயர் எங்கே போயிற்று - இவை பெரியவர்களின் கவலைகள். பெற்றவர்கள் சொல்வது வேறு. “மாடர்னா இருக்கணும். ஸ்கூல்ல யாரும் கிண்டல் பண்ணக் கூடாது. எந்த ஊருக்குப் போனாலும் வாயில நுழையணும்.” இதில் எதுவும் குழந்தையைப் பற்றியது இல்லை. பக்கத்து இருக்கையில் உட்காரப்போகிறவன், வருகைப் பதிவேட்டை வாசிக்கப்போகும் ஆசிரியர், இருபது வருடம் கழித்து விண்ணப்பத்தைப் புரட்டப்போகும் மனிதவளத் துறை அதிகாரி என்று, இன்னும் சந்திக்காத ஆட்களைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சும்.

அந்தப் பேச்சு அத்விக், ரித்விக், ஆரவ், ரியான், தர்ஷித் என்று முடிகிறது. அர்த்தம் கேட்டால் செல்போனைப் பார்த்துச் சொல்வார்கள். இதைக் கண்டித்துக் கட்டுரை எழுதுவது தமிழ்ப் பத்திரிகைகளில் நெடுநாள் வழக்கம். தமிழ்ப் பற்று போய்விட்டது, வடமொழி மோகம், தொலைக்காட்சி கெடுத்துவிட்டது என்பார்கள். ‘ஷ்’ஷும் ‘த்’தும் இல்லாமல் ஒரு பெயரை இன்று கேட்பதே அரிது என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால், மோகம் என்ற ஒரே காரணத்தில் இதை அடக்க முடியாது. இந்தப் பெற்றோரில் பலர் தேடுவது, படிப்பவருக்கு எதையும் காட்டிக்கொடுக்காத ஒரு பெயரை.

பழைய பெயர்கள் எவ்வளவு காட்டிக்கொடுத்தன என்று யோசித்தால் இந்தத் தேடலின் அவசரம் புரியும். சுடலைமுத்து, இசக்கிமுத்து, பேச்சிமுத்து என்றால் தாமிரபரணிப் பக்கம். மாயாண்டி, விருமாண்டி என்றால் மதுரைக்கு மேற்கே பார்க்கலாம். ஐயாரப்பன் திருவையாற்றுக்காரர், தியாகராஜனுக்குத் திருவாரூரிலும், ஏகாம்பரத்துக்குக் காஞ்சிபுரத்திலும், ஜம்புலிங்கத்துக்குத் திருவானைக்காவிலும் சாமி இருக்கிறது. சாகுல் ஹமீது என்ற பெயர் நாகூர் தர்காவைச் சொல்லும். ஆரோக்கியசாமி வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவராக இருக்கலாம். கத்தோலிக்கர்கள் பேதுருவை ராயப்பன் என்றும் பவுலைச் சின்னப்பன் என்றும் யோசேப்பைச் சூசை என்றும் வைத்துக்கொண்டார்கள். நெல்லைச் சீமையின் சீர்திருத்தத் திருச்சபைக் குடும்பங்களில் வேதமாணிக்கமும் ஜெபராஜும். முதல் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் மூன்றாவது பிள்ளைக்குப் பிச்சை என்றோ குப்புசாமி என்றோ பெயர் விழும். எமன் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான் என்ற நம்பிக்கை. ஒரு சொல்லைக் கேட்டதும் ஊர், மதம், குலதெய்வம், சில சமயம் அந்த வீட்டின் துக்கம்கூடத் தெரிந்துவிடும். குலதெய்வம் தெரிந்தால் சாதியை யூகிக்க அதிக நேரம் ஆகாது.

யூகித்த பிறகு நடப்பதுதான் விஷயம். மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் பிராமணனுக்கு மங்கலத்தையும் சத்திரியனுக்கு வலிமையையும் வைசியனுக்குச் செல்வத்தையும் குறிக்கும் பெயர் வைக்கச் சொல்லிவிட்டு, சூத்திரனுக்கு இழிவைக் குறிக்கும் பெயர் என்கிறது. நம் ஊர்களில் அந்த நூலைப் புரட்டாதவர்களும் இதே வேலையைச் செய்தார்கள். அவர்கள் கையாண்ட வழி, பெயரின் வாலை வெட்டுவது. ஒரே முருகன், ஒரு தெருவில் கந்தசாமி, இன்னொரு தெருவில் கந்தன். முனுசாமி, முனியன். யாழ்ப்பாணத்திலும் இந்தக் கணக்கு இருந்தது. பெற்றவர்கள் முழுப் பெயர் வைத்தாலும் பண்ணையார் வாயில் பாதிதான் வரும். பெயரின் நீளம் மரியாதையின் அளவாக இருந்தது.

கபாலி என்ற பெயருக்கு நேர்ந்தது இதன் நகர்ப்புற வடிவம். மயிலாப்பூர் கோயிலில் குடியிருக்கும் கபாலீஸ்வரரின் பெயர்தான். முழுசாக இருந்தால் பக்தி, சுருங்கினால் தமிழ்ப் படங்களில் பல காலம் வில்லனுக்குப் பின்னால் மறு வைத்துக்கொண்டு நிற்கும் அடியாள். பா. இரஞ்சித்தின் ‘கபாலி’ 2016-ல் வந்தபோது அதன் முன்னோட்டத்தில் ரஜினிகாந்த் பேசிய வசனமே இந்தப் பழைய அடியாளைப் பற்றியதுதான். திரையரங்குகள் அதிர்ந்தன. விசில் அடித்தவர்களில் எத்தனை பேர் மகனுக்குக் கபாலி என்று பெயர் வைத்தார்கள் என்பது வேறு கணக்கு.

பெயர் காட்டிக்கொடுக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் இன்றைய ஐ.டி. ஊழியர்கள் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடும்படி தீர்மானம் போட்டது. தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தன் ‘நாடார்’ பட்டத்தைத் துறந்தார். (சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் அவர் பெயரில்தான் இருக்கிறது; அங்கே துணி எடுப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.) பட்டம் போன பிறகு மிச்சம் இருந்தது சொந்தப் பெயர். அதையும் மாற்றினார்கள். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். மேடையில் தலைவர்களிடம் குழந்தையைக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்வது வழக்கமாயிற்று. இளங்கோ, மதியழகன், அறிவழகன், தமிழ்ச்செல்வன் என்று ஒரு தலைமுறையே வளர்ந்தது. மொழிப் பற்று அதில் நிச்சயம் இருந்தது. கூடவே, இளங்கோ என்று கூப்பிட்டால் அவன் எந்தத் தெருக்காரன் என்று யாருக்கும் தெரியாது என்ற நிம்மதியும் இருந்தது. அத்விக் இன்று தரும் அதே நிம்மதி.

உலகத் தலைவர்களின் பெயர்களும் இந்த வரிசையில் வரும். 1953 மார்ச் 1-ல் பிறந்த கருணாநிதியின் மகனுக்கு, நான்கு நாள் கழித்து மாஸ்கோவில் இறந்தவரின் பெயர் அமைந்தது. லெனின், காஸ்ட்ரோ, கென்னடி, நேரு, போஸ் எல்லோரையும் நம் மாவட்டங்களில் ரேஷன் கடை வரிசையில் பார்க்கலாம்.

பிறகு ஏன் அந்தத் தமிழ்ப் பெயர்களை அடுத்த தலைமுறை கைவிட்டது? அவற்றையும் படிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எழிலரசனைக் கேட்டதும் அப்பா கட்சிக்காரர் அல்லது தமிழாசிரியர் என்று ஒருவர் முடிவுகட்டுகிறார். எந்த வயது, எந்த வகைப் பள்ளி என்றும் சேர்த்து யூகிக்கிறார். சென்னை தாண்டினால் ‘ழ’ பாடாய்ப்படுகிறது.

பெயரை வைத்து வேலை மறுப்பார்களா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வு இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதியில் குறையில்லாத விண்ணப்பங்கள். பெயர்கள் மட்டும் உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் என்று தெரியும்படி. 2007-ல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வெளியான முடிவின்படி, அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு ஒன்று என்றால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. டெல்லிப் பகுதியில் வேறு பொருளியலாளர்கள் செய்து, இரண்டு ஆண்டு கழித்து வெளியான இதே மாதிரியான ஆய்வில், மென்பொருள் வேலைகளில் சாதி வேறுபாடு தென்படவில்லை. கால் சென்டர் வேலைகளில் தென்பட்டது. எழுதுகிற வேலையில் பெயர் அவ்வளவாக உறுத்தவில்லை, வாடிக்கையாளரிடம் பேசுகிற வேலையில் உறுத்துகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இந்த ஆய்வுகளில் சாதியைக் காட்டியது பெயரின் பின்பாதி. தமிழனுக்குப் பின்பாதி இல்லை. அதனால் இங்கே நேர்முகத் தேர்வுகளிலும் வாடகை வீடு பார்க்கும்போதும் கேள்வி சுற்றி வருகிறது. “சொந்த ஊர் எது?” “ஊர்ல எந்தப் பக்கம்?” “இனிஷியல் விரிவு என்ன?” கடைசிக் கேள்விதான் ஆழமானது. மகன் ரித்விக் ஆக இருக்கலாம், முன்னெழுத்தை விரித்தால் கருப்பசாமி வந்துவிடுவார். அப்பா பெயரை மாற்ற முடியாது. ரித்விக்கின் மகனுக்குத்தான் அந்தக் கேள்வியில் இருந்து விடுதலை. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பெயர் வைப்பதாக முதல் பத்தியில் சொன்னது இப்படித்தான் வேலை செய்கிறது: இன்றைய அப்பாக்கள் மகன் வழியாகப் பேரனின் முன்னெழுத்தைச் சுத்தம் செய்கிறார்கள்.

இந்த இடத்தில் ரியான் என்ற பெயரைப் பாருங்கள். அரபியில் பொருள் சொல்லலாம், அயர்லாந்தில் இருந்து வந்ததாகவும் சொல்லலாம், வடமொழிச் சாயலும் கண்டுபிடிக்கலாம். மூன்று மத வீடுகளிலும் அந்தப் பெயரோடு ஒரு பையன் இருக்கிறான். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது. மதத்தைப் பெயரில் தேடும் காலத்தில், குறிப்பாக ஒரு முஸ்லிம் பெற்றோருக்கு, இது அற்பமான சௌகரியம் இல்லை.

இதற்கு ஒரு விலையும் கொடுக்கிறார்கள். நெல்லைப் பக்கத்து வீடுகளில் மாடசாமி என்ற குலதெய்வப் பெயர் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லப்படுகிறது, சான்றிதழில் மாதேஷ். முனியாண்டி முனீஷ் ஆகிறார். முதலெழுத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று சாமியிடம் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். முன்பு தாத்தா பெயர் பேரனுக்குப் போகும். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் வீட்டில் அவன் ராசாவாகவோ தம்பியாகவோ வளர்வான், முழுப் பெயர் வெளியுலகுக்கு. இப்போது தலைகீழ். தாத்தாவின் பெயர் வீட்டுக்குள். ஊருக்கு, ஊரே தெரியாத பெயர்.

ஆனால், எல்லோரும் இப்படி ஒளிய வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கீழடிப் பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயரைப் படித்த பிறகு, நகரத்து மேல்தட்டு வீடுகளில் ஆதன், பாரி, கபிலன், நன்னன் என்று பிள்ளைகள் ஓடுகிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் ஒரு மருத்துவர் மகனுக்கு நன்னன் என்று வைத்தால் அது ரசனை; செங்கல் சூளைத் தொழிலாளி மகனுக்கு முனியசாமி என்று வைத்தால் அது நாகரிகம் தெரியாமை. பழைய பெயரை வைக்கும் துணிச்சல், அந்தப் பெயரால் எந்தச் சேதமும் வராதவர்களுக்குத்தான் சுலபமாக வருகிறது. தமிழ்ப் பெயர் வைக்கச் சொல்லி ஏழைகளுக்கு அறிவுரை சொல்லும் முன் இதை யோசிக்கலாம்.

அரசு தன் பங்குக்கு எழுத்தைப் பார்த்துக்கொள்கிறது. 2021 டிசம்பரில் முன்னெழுத்தையும் தமிழில் எழுத ஆணை வந்தது, நல்லதுதான். ஆனால், முன்னெழுத்து என்ற ஏற்பாட்டையே உலகம் புரிந்துகொள்ளவில்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு போனவர்களின் அமெரிக்க விசாவில், முதல் பெயர் தெரியாது என்ற பொருளில் மூன்று ஆங்கில எழுத்துகள் ஏறிவிடுகின்றன. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தபோது நம் ஊர்ப் பயண முகவர்களின் தொலைபேசிகள் ஓயவில்லை. அப்பாவின் பெயர் பாஸ்போர்ட்டில் எங்காவது இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அப்பாவின் பெயர் மறுபடியும் உள்ளே வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பையனுக்கு இரண்டாவது பெயர் சூட்டு விழா, பள்ளியில் சேர்க்கும் அன்று தலைமை ஆசிரியரின் மேசையில் நடக்கும். வீட்டில் குப்பன் என்று கூட்டிவந்தவனை அவர் குமார் என்றோ குணசேகரன் என்றோ எழுதிக்கொள்வார். சிலருக்கு அது அவமானம், பலருக்கு அது தப்பித்தல். அந்தப் பதிவுதான் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வரை போகும். 2023 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கையில் தொடங்கி ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசுப் பணி வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். பிறப்பைப் பதிந்த பிறகு பெயரைச் சேர்க்கப் பன்னிரண்டு மாதம் கட்டணம் இல்லை. தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வயது வரை சேர்க்கலாம். சேர்த்துவிட்டால் மாற்றுவது எளிதில்லை. அரசிதழ் அறிவிப்பு, பிறகு ஒவ்வொரு ஆவணமாக அலைச்சல்.

தலைமை ஆசிரியரின் அந்த அதிகாரம் ஒழிந்தது ஒரு வகையில் நல்லதே. ஆனால், அவர் செய்துகொடுத்த காரியத்துக்கு மாற்று வேண்டும். வாக்குரிமை வரும் பதினெட்டு வயதில், ஒரே ஒரு முறை, கட்டணம் இல்லாமல், காரணம் கேட்காமல், ஒரே படிவத்தில் பிறப்புப் பதிவேடு முதல் ஆதார் வரை பெயரை மாற்றிக்கொள்ள வழி செய்யலாம். ரித்விக் அப்போது மாடசாமி ஆக விரும்பலாம். முனியசாமி ரியான் ஆக விரும்பலாம். பிறப்புச் சட்டம் மத்திய அரசுடையது, அதன் விதிகளை வகுப்பது மாநில அரசு. 1929-ல் தீர்மானம் போட்ட மண்ணில் இருந்து இந்தக் கோரிக்கையை டெல்லிக்கு எழுதி அனுப்பச் சட்டமன்றத்துக்கு ஒரு நாள் போதும்.