‘வாடகையே இஎம்ஐ-யைக் கட்டிடும்’னு சொல்றாங்களா? வீடு வாங்கும் முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

“ஒரு ஃபிளாட் வாங்கிப் போடுங்க சார், வர்ற வாடகையே இஎம்ஐ-யைக் கட்டிடும்.” சென்னையில் வீடு தேடிப் போன யாருக்கும் இந்த டயலாக் புதுசு இல்லை. பிஎஃப் பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்து, வாடகை வருமானத்தை நம்பி முதல் முறையாக வீடு வாங்குபவர்கள் நிறைய பேர். உண்மையிலேயே வாடகை இஎம்ஐ-யைக் கட்டுமா? ஒரு உதாரணத்தை வைத்தே பார்த்துவிடுவோம்.

60 லட்சம் வீடு, 16 ஆயிரம் வாடகை

தாம்பரம் பக்கம் ஏற்கெனவே ஒருவர் வாங்கிய, பழைய 2 பெட்ரூம் ஃபிளாட் ஒன்றை 60 லட்சத்துக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாத வாடகை 16 ஆயிரம்.

தமிழ்நாட்டில் இப்படி மறுவிற்பனை வீடு வாங்கினால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 9 சதவீதம். அதாவது 5.4 லட்சம் ரூபாய். பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது அடுக்குமாடி வீடு என்றால் இது குறையும். 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7 சதவீதம் என்று 2023 டிசம்பரில் மாற்றினார்கள். ஆக, ஒரே விலைக்கு புது வீடு, பழைய வீடு என இரண்டு இருந்தால் செலவு ஒன்றில்லை.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்க முடியும். பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது, அது முழுக்க நம்ம கையில் இருந்துதான். 45 லட்சம் கடன் வாங்கினாலும், 15 லட்சமும் பத்திரச் செலவும் சேர்த்து 20.4 லட்சம் ரொக்கமாக வேணும்.

45 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 39 ஆயிரம். வாடகை 16 ஆயிரம். டயலாக் இங்கேயே அடிபட்டுப் போச்சு.

இன்னும் முடியலை. வருஷத்தில் ஒரு மாசம் வீடு காலியாகக் கிடக்கும்னு வைங்க. சொத்து வரிக்கு 5 ஆயிரம், ரிப்பேர், பெயிண்டிங்குக்கு 15 ஆயிரம் கழிச்சா, வருஷத்துக்குக் கையில் நிற்பது 1 லட்சத்து 56 ஆயிரம். நீங்கள் போட்ட 65.4 லட்சத்தில் இது 2.4 சதவீதம்தான். இஎம்ஐ-க்கும் இதுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை நிரப்ப, மாசம் சுமார் 26 ஆயிரம் உங்கள் சம்பளத்தில் இருந்து போகணும்.

அப்போ வீடே வாங்கக் கூடாதா? அப்படி இல்லை. ஆனால் நீங்கள் நம்புவது வாடகையை அல்ல, 15, 20 வருஷம் கழித்து அந்த இடத்தின் விலை ஏறும் என்பதைத்தான். அந்தத் தெளிவோடு இறங்கணும். வேலை போனாலும் ஆறு மாச இஎம்ஐ கட்டுற அளவுக்குத் தனியாகப் பணம் இல்லாதவர்கள் கொஞ்சம் பொறுத்திருப்பது நல்லது.

வரி மிச்சம் ஆகுமா?

இதுவும் அடிக்கடி சொல்லப்படுவதுதான். வாடகை வருமானத்தில், நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை பராமரிப்புக்கு என்று கழித்துக்கொள்ளலாம். கடன் வட்டியையும் கழிக்கலாம். நம்ம உதாரணத்தில் முதல் வருஷ வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 3.8 லட்சம் என்பதால், கணக்கில் நஷ்டம்தான் வரும். பழைய வரி முறையில் அந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய வரி முறையில் அது முடியாது. இப்போது நீங்களாகக் கேட்டு மாற்றாவிட்டால் பொருந்துவது புதிய முறைதான். ‘வீட்டுக் கடன் எடுத்தா டேக்ஸ் மிச்சம்’ என்று பழைய நினைப்பில் சொல்பவர்களிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, வீட்டு விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதத்தை டிடிஎஸ் ஆகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விதியே வேறு, ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீங்க.

அட்வான்ஸ் உங்க காசு இல்லை

சென்னையில் 10 மாச அட்வான்ஸ் வாங்குவது பழக்கம். ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாதவரை 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாசத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துவிட்டுத் திருப்பித் தரணும்.

புதுசா வீடு வாங்குபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். 1 லட்சத்து 60 ஆயிரம் அட்வான்ஸ் வந்ததும் கடன் அடைக்கவோ, கபோர்ட் போடவோ செலவழித்துவிடுகிறார்கள். குடியிருப்பவர் திடீரென காலி செய்தால், அடுத்த ஆள் வந்து கொடுத்தால்தான் முந்தைய ஆளுக்குக் கொடுக்க முடியும். அந்தக் குடும்பமோ புது வீட்டு அட்வான்ஸுக்கு இந்தப் பணத்தைத்தான் நம்பி இருக்கும். (வாடகை வீட்டில் இருந்தபடி இதை எழுதுவதால் இந்தப் பத்தி கொஞ்சம் நீண்டுவிட்டது.) வங்கியில் தனியா டெபாசிட் போட்டு வையுங்கள், வட்டியாவது வரும்.

மொத்தமாக சில லட்சம் வாங்கிக்கொண்டு ‘லீஸுக்கு’ விடுவது இதைவிட ரிஸ்க். மாச வாடகை வராது, இஎம்ஐ ஓடும், முடிவில் முழுத் தொகையையும் ஒரே நாளில் எடுத்து வைக்கணும்.

வாடகையை யாரிடம் விசாரிப்பது?

புரோக்கரிடம் அல்ல. அதே அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் எத்தனை வீடு காலி, எத்தனை மாசமாகக் காலி என்று கேளுங்கள். கோடையில் போய் லாரித் தண்ணீருக்கு என்ன செலவு என்று விசாரியுங்கள். ஓஎம்ஆர் பக்கம் பல இடங்களில் மெயின்டனன்ஸ் எகிறுவதே இதனால்தான். வீடு காலியாக இருக்கும் மாசங்களில் அந்த மெயின்டனன்ஸும் உங்கள் தலையில்தான். மழைக்காலத்தில் ஒரு முறை போங்கள். 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் எப்படி இருந்தன என்பதை வாடகைக்கு வருபவர்களும் டிவியில் பார்த்தவர்கள்தான்.

பத்திர விஷயத்தில் சுருக்கமாக: வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், யுடிஎஸ் எவ்வளவு, புதுத் திட்டம் என்றால் ரெரா பதிவு எண். எல்லாவற்றையும் உங்கள் வக்கீல் பார்க்கட்டும், பில்டரின் வக்கீல் அல்ல.

ஆள் பிடிக்கும் முன்

‘பேச்சிலர் கிடையாது, வெஜ் மட்டும்’ என்று போர்டு மாட்டுவது உங்கள் இஷ்டம் என்று நினைக்கலாம். ஆனால் ஐடி கம்பெனிகளை நம்பி வீடு வாங்கிவிட்டு, அங்கே வேலை பார்க்கும் இளைஞர்களை வேண்டாம் என்றால் வீடு காலியாகத்தான் கிடக்கும். ஒரு மாசம் காலி என்றாலே 16 ஆயிரம் போச்சு.

11 மாச அக்ரிமென்ட் போட்டால் பதிவு வேண்டாம் என்று இன்னும் நினைப்பவர்கள் உண்டு. இந்தச் சட்டப்படி எவ்வளவு காலமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் பதியணும். ஆன்லைனிலேயே பதியலாம். பிரச்சனை என்று போனால் இந்தப் பதிவுதான் முதலில் கேட்கப்படும். காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரண்டு மடங்கு வாடகை கேட்கவும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் கோபத்தில் கரண்ட், தண்ணீரை நிறுத்தினால் தப்பு உங்கள் மேல் திரும்பும்.

பெயிண்டிங்? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், சுவருக்கு வெள்ளை அடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பதும் ஓனர் வேலை என்றுதான் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ‘பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை கட்’ என்பது வழக்கமே தவிர விதி இல்லை. அப்படிப் பிடிப்பதாக இருந்தால் அக்ரிமென்ட்டிலேயே எழுதி, சாவி கொடுக்கும் அன்று இருவரும் சேர்ந்து வீடு முழுக்க ஒரு வீடியோ எடுத்து, இரண்டு போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.