டைல் என்பது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா?

"நவுன் என்றால் என்ன?" வலையபட்டி மாதிரி ஒரு செட்டிநாட்டு ஊரில் எட்டாம் வகுப்புப் படிக்கும் எந்தப் பையனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். ஆள், இடம், பொருள் இவற்றின் பெயர்! சரி, 'அரைவல்' என்ன? பஸ் வந்து சேர்வது. அது ஒரு செயல் ஆயிற்றே என்று யோசித்து வெர்ப் என்று எழுதிவிடுவான். மார்க் போய்விடும். தப்பு அவனுடையது அல்ல, அவனுக்குச் சொல்லிக் கொடுத்த விளக்கத்தினுடையது.

பக்கத்து ஊர் உதாரணமே பார்க்கலாம். ஆத்தங்குடி டைல்ஸ். இதில் 'டைல்ஸ்' பெயர்ச்சொல். ஆனால் 'தி மேசன் வில் டைல் தி ஃப்ளோர்' என்றால் அதே டைல் வினைச்சொல் ஆகிவிடுகிறது. ஓர் ஒட்டும் புதிதாகச் சேரவில்லை, அது நிற்கும் இடம்தான் மாறியது. முன்னால் 'தி' நின்றால் ஒன்று, 'வில்' நின்றால் வேறொன்று. இன்னும் வேடிக்கை, 'ஆத்தங்குடி' ஊரின் பெயர். ஆனால் இங்கே டைல்ஸுக்கு முன்னால் நின்று அடைமொழி வேலை பார்க்கிறது. அதனால் அது அட்ஜெக்டிவ் ஆகிவிட்டதா? 'வெரி ஸ்மூத் டைல்ஸ்' என்று சொல்லலாம், 'வெரி ஆத்தங்குடி டைல்ஸ்' என்று சொல்ல முடியுமா? பார்க்கிற வேலை வேறு, சொல்லின் இனம் வேறு.

தமிழில் இந்தத் தொல்லை குறைவு. 'வந்தான்' என்ற சொல்லைத் தனியாகத் தாளில் எழுதி வைத்தாலும் வினை என்று தெரியும். காலமும் ஆளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. தொல்காப்பியம் வினைக்குச் சொன்ன இலக்கணம் 'செயலைக் குறிப்பது' என்பது அல்ல. வேற்றுமை ஏற்காது, காலம் காட்டும் என்பதுதான். இது வெறும் விளக்கம் இல்லை, சோதித்துப் பார்க்கிற வழி! 'வருகை' செயல்தான், ஆனால் வருகையை, வருகைக்கு என்று உருபு ஏற்கிறது, ஆகவே பெயர். தொழிற்பெயர் என்று முந்தின பீரியடில் தமிழ் ஐயா இதைத்தான் நடத்திவிட்டுப் போயிருப்பார். அடுத்த பீரியடில் அதே பையன் 'அரைவல்' முன்னால் விழிக்கிறான். இரண்டு ஆசிரியர்களும் ஒரே அறையில்தான் டீ குடிக்கிறார்கள்...

பேச்சில் பார்த்தால் பையன்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். டிக்கெட் புக் பண்ணு, ஸ்பீடா போ, சூப்பரான படம். யாரும் சொல்லித் தராமலே ஆங்கிலச் சொல்லை வினையாக்க 'பண்ணு', வினைக்கு அடையாக்க 'ஆ', பெயருக்கு அடையாக்க 'ஆன' சேர்க்கிறார்கள். சொல்வகை அறிவு இல்லாதவனால் இது முடியுமா? ஆனால் இதை அப்படியே ஆங்கிலத்துக்குள் கொண்டு போனால் ஆபத்து. 'பையை ரெடி பண்ணினேன்' என்பவன் 'ஐ ரெடி மை பேக்' என்று எழுதுகிறான். 'ரெடி' அங்கே பெரும்பாலும் அட்ஜெக்டிவ். 'பண்ணு' எதையும் வினையாக்கும், ஆங்கிலத்தில் அந்தச் சலுகை எல்லாச் சொல்லுக்கும் கிடையாது. இந்த வேறுபாட்டைக் காட்டினாலே பாதிப் பிழை போய்விடும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பெயர், வினை, இடை, உரி என்ற நான்கை ஆங்கிலத்தின் எட்டோடு கோடு போட்டு இணைக்கக் கூடாது. உரிச்சொல் என்றால் அட்ஜெக்டிவ் என்று பலர் மனப்பாடம் செய்கிறார்கள். சால, தவ, நனி எல்லாம் 'மிகவும்' என்ற பொருளில் வருபவை, 'வெரி' பக்கம் போகிறவை. 'நல்ல' என்பதையோ நம் இலக்கணம் குறிப்புப் பெயரெச்சம் என்கிறது.

அந்த எட்டும் ஒன்றும் வானத்திலிருந்து விழவில்லை. கிரேக்க இலக்கணக்காரர்கள் எட்டு என்றார்கள். லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது, அது பட்டியலை விட்டுப் போனது. இண்டர்ஜெக்‌ஷன் உள்ளே வந்தது. எண்ணிக்கை மட்டும் எட்டாகவே நின்றது! ஆங்கிலம் அந்தப் பட்டியலைப் பெரும்பாலும் லத்தீனிடம் கடன் வாங்கியது. ஆனால் ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் உண்டே? அதைப் பல பள்ளி இலக்கணங்கள் அட்ஜெக்டிவ் பெட்டிக்குள் திணித்துவிட்டன. இன்றைய மொழியியலாளர்கள் டிடர்மினர் என்று தனியாகவே பிரிக்கிறார்கள். தனக்கே சரியாகப் பொருந்தாத சட்டையைத்தான் ஆங்கிலம் போட்டிருக்கிறது.

"ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே படிக்கணும், தமிழை ஏன் இழுக்கிறீங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1716ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் தன் தமிழ் இலக்கண நூலை அச்சிட்டார். அது லத்தீனில் எழுதப்பட்டது. ஐரோப்பியர் தமக்குத் தெரிந்த லத்தீன் வழியாகத் தெரியாத தமிழைப் பிடித்தார்கள். சில இடங்களில் பொருந்தவில்லைதான், ஆனாலும் கற்றார்கள். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத செட்டிநாட்டுப் பையனுக்கு மட்டும் தெரிந்ததை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்கிறோம். அவன் பத்து வருடம் கழித்து காரைக்குடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுகிறான். மறுபடியும் முதல் பாடம், ஆள், இடம், பொருள்!

விளக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதற்குப் பதில் ஒரே ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதலாம். ரவுண்ட். ஒரு ரவுண்ட் டேபிள், செகண்ட் ரவுண்ட், ரவுண்ட் தி கார்னர், டர்ன் ரவுண்ட், ரவுண்ட் தி நம்பர். இதில் எதற்கு முன்னால் 'வெரி' போடலாம், எதற்குப் பின்னால் 'எஸ்' சேர்க்கலாம், எது 'எட்' ஏற்கும் என்று பையன்களையே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். தமிழ் ஐயாவையும் அந்த ஒரு பீரியடுக்குக் கூப்பிட்டுக் கொள்ளலாம்.