நடக்க முடியாத பூனைக்கு ஒரு வீடு

காபி, மிளகு என்று வரும் கடிதங்களுக்கு நடுவே, இந்த முறை ஏற்காட்டிலிருந்து ஒரு பூனைக் கடிதம் வந்திருக்கிறது. பயிர்க் கேள்வி இல்லையே என்று ஒதுக்கி வைக்க மனம் வரவில்லை. மருத்துவம் தொடர்பானவற்றைக் கால்நடை மருத்துவ நண்பரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

கேள்வி: "ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறோம். சேலத்திலிருந்து ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டி அடித்துக் கிடந்த பெண் பூனையைத் தூக்கி வந்தோம். பிழைத்துவிட்டது. ஆனால் முதுகுத்தண்டில் அடி. பின்னங்கால் இரண்டும் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிறுநீரும் தானாகப் போகாது. அவர் சொல்லிக்கொடுத்தபடி நான்தான் அடிவயிற்றை அழுத்தி எடுத்துவிடுகிறேன். மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது. குத்தகை முடிந்து இரண்டு மாதத்தில் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கே பேரனுக்கு ஆஸ்துமா, பூனை ஆகாது. இதை யாரிடம் கொடுப்பது? எல்லாவற்றையும் சொன்னால் ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்கிறார் என் வீட்டுக்காரர்."

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், அம்மா. உங்கள் வீட்டுக்காரர் நினைப்பது போலத்தான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். பல வருடங்களுக்கு முன், எங்கள் வீட்டுப் பக்கம் வந்து சேர்ந்த பூனை ஒன்றுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. தெரிந்த விவசாயி ஒருவர் கேட்டபோது, "கண்ணில் லேசாகப் பூ விழுந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர் எலிக்காகக் களத்தில் விட்டிருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் கிணற்றில் மிதந்தது. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். பார்வையே இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அவர் வெளியே விட்டிருக்க மாட்டார்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அது வாங்குகிறவருக்குச் சொன்னது. கொடுக்கிறவர் தாமாகவே வாயைத் திறந்து பல்லைக் காட்டிவிட வேண்டும். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது போல மறைத்துப் பேசி இந்தப் பூனையைத் தள்ளிவிட்டால், ஒரு வாரத்தில் அது சாலைக்கே திரும்பும். உண்மையைச் சொன்னால் பத்துப் பேரில் ஒன்பது பேர் போய்விடுவார்கள். போகட்டும், உங்களுக்கு வேண்டியது ஒரு வீடுதானே.

முதல் வேலை, ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை, எந்தெந்த நேரத்தில் சிறுநீர் எடுக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறது, மாதம் என்ன செலவாகிறது, எந்த டாக்டர் பார்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அபாய அறிகுறிகளைத் தனியாக எழுதுங்கள். சிறுநீரில் ரத்தம், கெட்ட வாடை, சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, அழுத்தியும் சிறுநீர் வராதது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீர் அடைபட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்து. பின்பகுதி ஈரத்தில் கிடந்தால் புண்ணாகும். சாக்கு உரசும், பழைய வேட்டியை மடித்துப் போட்டு, நனைந்ததும் மாற்ற வேண்டும். கொடுப்பதற்கு முன் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு விடுங்கள். பின்னங்கால் வராவிட்டாலும் பூனை சினையாகும். கருத்தடை செய்ய உடம்பு தாங்குமா என்றும் டாக்டரைக் கேளுங்கள்.

எப்படிப்பட்ட வீடு? எலி பிடிக்கப் பூனை தேடுகிறவரிடம் வேண்டாம்; இது எலி பிடிக்காது. பங்களா பெரியதா, மனசு இரக்கமானதா என்று பார்ப்பதைவிட, காலையும் மாலையும் தவறாமல் ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். வீட்டிலேயே தையல் தைக்கிறவர், ஓய்வு பெற்றவர், வீட்டோடு பெட்டிக்கடை வைத்திருப்பவர் போன்றவர்கள் பொருந்துவார்கள். அவர் ஊருக்குப் போனால் கை மாற்ற இன்னொருவரும் வேண்டும். நாய் அவிழ்த்துவிட்ட வீடு ஆகாது. இது ஓடித் தப்ப முடியாது. மலையில் பனி இறங்கும் மாதங்களில் இரவு உள்ளே படுக்க இடமும் வேண்டும்.

விஷயம் பரவ, கால்நடை மருந்தகத்திலும் ஒண்டிக்கடைப் பக்கக் கடைகளிலும் சொல்லி வையுங்கள். சேலத்து மருந்துக்கடைகளிலும் சொல்லலாம். "பாவம், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லாதீர்கள். பாவம் பார்த்து வருகிறவர் முதல் வாரமே சலித்துவிடுவார். "தினமும் இந்த நேரத்தில் இந்த வேலை இருக்கிறது, முடியுமா?" என்று கேளுங்கள்.

ஒத்துக்கொண்டவரை உடனே தூக்கிக்கொண்டு போகச் சொல்லாதீர்கள். மூன்று நாள் உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் கண் முன்னே தன் கையால் சிறுநீர் எடுத்துப் பழகட்டும். முடிந்தால் டாக்டர் முன்னிலையிலும் ஒருமுறை செய்யட்டும். முரட்டுத்தனமாக அழுத்தினால் சிறுநீர்ப்பை கிழிந்துவிடும். கை பழகிவிட்டால் சில நிமிட வேலைதான். பிறகு இரண்டு வாரம் சோதனையாக அங்கே இருக்கட்டும். "முடியாவிட்டால் வேறு யாரிடமும் கொடுக்காமல் எங்களிடமே சொல்லுங்கள்" என்று வாக்கு வாங்குங்கள். இரண்டு மாதம் கையில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், கடைசி வாரத்தில் அல்ல.

விவசாய வீடுகளில் நல்லெண்ணத்திலேயே நடக்கும் தவறுகளையும் தாளில் சேருங்கள். காய்ச்சல், வலி என்று பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்துவிடும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்தைப் பூனை மேல் போடக் கூடாது. பெர்மெத்ரின் போன்றவை பூனைக்கு விஷம். எலி மருந்து வைத்த இடத்தில் செத்த எலியைத் தின்றாலும் ஆபத்து. பால் சோறு, தயிர் சோறு மட்டும் போட்டு வளர்க்க முடியாது. கறி, மீனில் கிடைக்கும் டாரின் என்ற சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

இரண்டாவது கருத்து கேட்க வேண்டுமானால் சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலம் மாவட்டத்திலேயே தலைவாசலிலும் கல்லூரி வந்துவிட்டது. காப்பகம் கடைசி வழியாக இருக்கட்டும். 1959-ல் தொடங்கிய சென்னை புளூ கிராஸ் போன்ற இடங்கள் நல்ல பணி செய்கின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான உயிர்களுக்கு நடுவே, நேரம் தவறாமல் ஒரு பூனைக்குக் கை கொடுப்பது எந்தக் காப்பகத்துக்கும் கடினம்.

சந்தையிலோ தோட்டத்து ஓரத்திலோ விட்டுவிட்டுப் போகும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் பயனாக வந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தானாகச் சிறுநீர் கழிக்க முடியாத பூனையைக் கைவிடுவது, மெதுவாகக் கொல்வதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புண் ஆறாமல், தொற்று திரும்பத் திரும்ப வந்து, வலி தீராது என்று டாக்டர் சொல்லும் நிலை வந்தால், வலியில்லாமல் முடித்துவைப்பது பற்றி அவரிடமே பேசுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக அந்த முடிவு வேண்டாம். சாப்பிட்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பூனைக்கு இன்னும் அந்த நேரம் வரவில்லை.

ஏற்காடு, சேலம் பக்கத்து வாசகர்களே, யாருக்காவது முடியுமென்றால் ஆசிரியர் குழுவுக்கு ஒரு கார்டு போடுங்கள். பூனை மேல் எவ்வளவு பிரியம் என்று எழுத வேண்டாம். காலையிலும் மாலையிலும் வீட்டில் யார் இருப்பார்கள் என்று எழுதினால் போதும்.