பெட்டி மாறினால் கணக்கும் மாறலாமா?

புது வருஷக் கணக்குத் தொடங்கும் வேளையில், பழைய பேரேட்டின் நிலுவைகளைப் புதிய பேரேட்டில் ஏற்றும் வேலை நமது சங்கங்களில் எவ்வாறு நடைபெற்று வந்தது என்பதை மூத்த அங்கத்தினர்கள் நன்கறிவார்கள். ஒரு குமாஸ்தா பழைய புத்தகத்தைப் படிப்பார். மற்றொருவர் புதிய புத்தகத்தில் எழுதுவார். பின்னர் எழுதியவர் படிக்க, படித்தவர் ஒப்பிட்டு, ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு குறி இடுவார். இரு புத்தகங்களின் மொத்தமும் ஒரு காசு பிசகாமல் ஒத்துவந்த பிறகே காரியதரிசி கையெழுத்திடுவார். பழைய பேரேடு துணியில் கட்டப்பட்டு அலமாரிக்குச் செல்லுமேயன்றிப் பழைய காகிதக் கடைக்குச் செல்லாது.

இன்று பேரேடுகள் கணிப்பொறிக்குள் குடியேறிவிட்டன. ஆனால் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குக் கணக்கு மாறும்போது, மேற்சொன்ன ஒழுங்கில் ஒரு பகுதியையேனும் நாம் கைக்கொள்கிறோமா? பல இடங்களில் இல்லை என்பதே நாம் ஆய்வுக்குச் செல்லும்போது காணும் உண்மை. மெக்கானிக் வருகிறார், அரை நாள் அமர்ந்திருக்கிறார், "எல்லாம் ஏற்றியாகிவிட்டது" என்று சொல்லி, கூலியையும் பழைய பெட்டியையும் பெற்றுக்கொண்டு போய்விடுகிறார். அந்த ஒரு வார்த்தையை நம்பி நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பணம் நிற்கிறது.

இவ்விஷயத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அதன் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, பழைய கணிப்பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே பெட்டியையே மாற்ற வேண்டிய நிலை பல சங்கங்களுக்கு வந்துள்ளது. விவசாயக் கடன் சங்கங்களிலோ, 63,000 சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாயில் மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்த திட்டத்தின் வழியாகப் பழைய கணக்குகள் புதிய மென்பொருளுக்கு மாறத் தொடங்கின. மாற்றம் தேவைதான், அதில் நமக்கு ஆட்சேபமில்லை. மாற்றும் முறையைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

சில காலத்துக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்துக்குச் சென்றிருந்தோம். புதிய கணிப்பொறி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. திரையில் பழையபடியே எல்லாச் சின்னங்களும் வரிசையாக இருந்தன. ஆனால் கூலிப் பட்டியல் என்ற சின்னத்தைத் தொட்டால், அந்தக் கோப்பைக் காணவில்லை என்ற பதிலே வந்தது. நடந்தது இதுதான்: திரையில் தெரிந்த சின்னங்களை மெக்கானிக் பென் டிரைவில் பிரதி எடுத்திருக்கிறார். அவற்றுள் பல, மூலையில் சிறிய அம்புக்குறி கொண்ட வழிகாட்டிச் சின்னங்கள். கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டுவன அவை, கோப்பு அல்ல. வீட்டுக்கு வழி எழுதிய சீட்டைக் கொண்டுவந்துவிட்டு, வீட்டையே கொண்டுவந்ததாக எண்ணிக்கொண்டார்கள். பழைய பெட்டியோ புதியதன் விலையில் கழித்துக்கொள்ளப்பட்டு, கடைக்குப் போய்விட்டது.

அன்று சேமிப்பிலிருந்து பணம் எடுக்க ஒரு மூதாட்டி வந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தறியில் உட்கார்ந்தவர். தம் பாஸ் புத்தகத்தை நீட்டி, "ஐயா, என் புத்தகத்தில் இருக்கிற கணக்கு உங்கள் பெட்டியில் இல்லையா?" என்று கேட்டார். எவரும் பதில் சொல்லவில்லை. முந்திய ஆய்வுக்காக அச்சிட்டு வைத்த நிலுவைப் பட்டியலும், அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களும் கைகொடுத்ததால், பல நாள் உழைப்புக்குப் பின் கணக்கு மீண்டது. காகிதம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் எழுத விரும்பவில்லை.

கோப்பு வராமல் போவது கண்ணுக்குத் தெரியும் கேடு. வந்தும் பிசகிப்போவது கண்ணுக்குத் தெரியாத கேடு, அதுவே பெரிது. மூன்றைச் சொல்வோம்.

முதலாவது, எழுத்துரு. நமது சங்கங்களில் பெயர்ப் பட்டியல்கள் பல வருஷங்களாகப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சாகியுள்ளன. அவற்றில், வேற்றெழுத்துக்கு உரிய எண்ணின் மேல் தமிழ் வடிவம் ஏற்றப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத புதிய கணிப்பொறியில் திறந்தால், அங்கத்தினர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அழித்துவிடலாகாது. பழைய கணிப்பொறியிலிருந்து எழுத்துருவையும் கொண்டுவந்து நிறுவினால் பெயர்கள் மீண்டும் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டதால், நிலையான பரிகாரம் அம்முறைக்கு மாற்றிவிடுவதே. அதைப் பிரதியில்தான் செய்ய வேண்டும், மூலத்தில் அல்ல. மாற்றும் கருவி, இடையில் ஆங்கிலத்தில் இருந்த தறி எண்ணையும் தலைப்பெழுத்தையும் தமிழென்று கருதிப் பொருளற்ற சொல்லாக்கிவிடக்கூடும். ஆகவே பெயர்ப் பட்டியலை மனிதக் கண் ஒரு முறை படித்தே தீர வேண்டும்.

இரண்டாவது, எண்கள். பழைய மென்பொருளிலிருந்து சி.எஸ்.வி. வடிவில் எடுத்த பட்டியலை எக்ஸெலில் நேராகத் திறந்தால், 0047 என்ற அங்கத்தினர் எண் வெறும் 47 ஆகிவிடும். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே காப்பாற்றும்; அதற்கு மேற்பட்ட இலக்கங்கள் பூஜ்யங்களாகிவிடும். 16 இலக்கமுள்ள வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் இவ்வாறு மாறினால், நெசவாளரின் கூலி அவர் கணக்குக்குப் போய்ச் சேராது. அப்பத்தியை எண்ணாக அன்றி எழுத்தாகக் கொள்ளும்படி முன்னரே குறித்துத் திறந்தால் இத்தொல்லை இல்லை.

மூன்றாவது, தேதி. இதை விவசாய அங்கத்தினர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். அமெரிக்க வழக்கப்படி அமைக்கப்பட்ட புதிய கணிப்பொறி மாதத்தை முன்னே வைக்கிறது. 05-04-2024 என்பது நமக்கு ஏப்ரல் 5. அதற்கு மே 4. 25-04-2024 என்று வந்தாலோ, இருபத்தைந்தாம் மாதம் இல்லாமையால், அதை மாற்றாமல் அப்படியே விட்டுவிடும். ஆகவே ஒரே பட்டியலில் சில தேதிகள் சரியாகவும் சில தவறாகவும் நிற்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் இது படாது. தவணைத் தேதிக்குள் செலுத்தினால் பயிர்க்கடனுக்கு வட்டியில்லை என்பது தமிழ்நாட்டின் ஏற்பாடு. ஒழுங்காகக் கட்டிய விவசாயி, தேதி புரண்டதனால் தவணை தவறியவராகக் காட்டப்படலாம். அவர் செய்த குற்றந்தான் என்ன?

இவற்றையெல்லாம் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பேரேட்டுக் காலத்து ஒழுங்கை மீண்டும் கைக்கொண்டால் போதும். கணிப்பொறி மாற்றத்தை ரிப்பேர் வேலையாகக் கருதாமல், பொறுப்பு ஒப்படைப்பாகக் கருத வேண்டும் என்பதே நமது வாதம். காரியதரிசி மாறும்போது ஜாப்தா எழுதி, எண்ணிப் பார்த்து, இருவரும் கையெழுத்திடுகிறோம் அல்லவா? பெட்டி மாறும்போதும் அவ்வாறே செய்வோம்.

முதலில், எடுத்துச் செல்ல வேண்டியவற்றுக்கு ஜாப்தா தயாராக வேண்டும். கணக்கு மென்பொருளின் தரவு எந்த இடத்தில் உள்ளது, கூலிப் பட்டியல், நூல் இருப்பு, அங்கத்தினர் புகைப்படங்கள், எழுத்துருக்கள், பாஸ் புத்தகம் அச்சிடும் இயந்திரத்துக்கான மென்பொருள் ஆகியவை அதில் இருத்தல் அவசியம். மென்பொருள் திறந்திருக்கும்போதே கோப்புகளைப் பிரதி எடுத்தால் அவை அரைகுறையாக வரலாம். எல்லோரும் வேலையை முடித்து மூடிய பிறகே எடுக்க வேண்டும். பென் டிரைவைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஃபேட்32 என்ற முறையில் அமைக்கப்பட்ட பென் டிரைவ், எத்தனை இடம் மிச்சமிருந்தாலும் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. பெரிய தரவுக் கோப்பு விடுபட்டுப்போக இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, மாற்றும் நாளன்று பழைய கணிப்பொறியில் இருப்பாய்வையும் அங்கத்தினர்வாரி நிலுவைப் பட்டியலையும் அச்சிட வேண்டும். மாற்றிய பின் அவற்றையே புதியதிலும் அச்சிட வேண்டும். ஒருவர் படிக்க ஒருவர் ஒப்பிட வேண்டும். மொத்தம் மட்டும் ஒத்துவந்தால் போதாது. ஒருவர் தொகை மற்றொருவர் பெயரில் ஏறினாலும் மொத்தம் மாறாதல்லவா? ஒவ்வொரு பெயரும் ஒப்பிடப்பட்டு, இரு பட்டியலிலும் காரியதரிசியும் ஒரு டைரக்டரும் கையெழுத்திட வேண்டும்.

மூன்றாவதாக, அவ்வருஷத் தணிக்கை முடியும் வரை பழைய பெட்டி சங்கத்தை விட்டு வெளியேறலாகாது. விலையில் கழியும் சில ஆயிரம் ரூபாய்க்காக அதைக் கொடுப்பது, பத்திரத்தை விற்றுப் பூட்டு வாங்குவதற்கு ஒப்பாகும். பின்னர் கொடுப்பதானாலும், ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டோ, முறையாகத் துடைத்தோதான் கொடுக்க வேண்டும். சாதாரணமாக அழித்த கோப்புகளை மீட்டுவிட முடியுமாதலால், அங்கத்தினர்களின் ஆதார் எண்ணும் வங்கி எண்ணும் அந்நியர் கைக்குப் போய்விடக்கூடும்.

"ஆளில்லை, நேரமில்லை" என்று காரியதரிசிகள் சொல்வதை நாம் அறிவோம். ஒரே குமாஸ்தா கடையையும் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் சங்கங்கள் உண்டு. அவர்கள் சிரமத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் முன்னால் இரண்டு நாள் செலவிட மறுத்தால், பின்னால் இரண்டு மாதம் செலவிட நேரும். மேலே சொன்ன சங்கத்தில் நேர்ந்தது அதுவே.

அங்கத்தினர்களுக்கும் கடமை உண்டு. கணிப்பொறி மாறப்போகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்பே பாஸ் புத்தகத்தில் நிலுவையைப் பதிந்துகொள்ளுங்கள். மாறிய பின் மறுமுறை சென்று, பெயர், எண், தொகை, தவணைத் தேதி நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். "ஒப்பிட்ட பட்டியல் எங்கே? கையெழுத்திட்டவர் யார்?" என்று பொதுச் சபையில் கேளுங்கள். கேட்பது குறை கூறுவதாகாது. சங்கம் உங்களுடையது, பெட்டியும் உங்களுடையது, அதனுள் இருப்பது உங்கள் உழைப்பு.

அந்த மூதாட்டியின் கேள்விக்கு, "இருக்கிறது, அம்மா, இதோ பாருங்கள்" என்று எந்த நாளிலும் உடனே பதில் சொல்ல முடிகிற சங்கமே நல்ல சங்கம் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.