கண்ணிவெடி அகன்றால் போதுமா?

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தருமபுரம், விசுவமடு வழியே போர் நகர்ந்தபோது, கண்டாவளைப் பகுதியின் வளவுகளிலும் வயல்களிலும் விழுந்த எறிகணைகளுக்குக் கணக்கில்லை. பின்னர் மீளக்குடியமர்ந்த மக்களிடம், கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று கூறி நிலத்தை ஒப்படைத்தனர். அம்மண்ணில் கால் வைக்கலாம் என்பதே அதன் பொருள். அங்கு விளைந்த கீரையைக் குழந்தைக்கு ஊட்டலாமா என்பதற்கு அதில் விடை இல்லை.

நாம் வீண் பீதியைக் கிளப்பவில்லை. துப்பாக்கி ரவையில் ஈயம் உண்டு. உடைத்தெறிந்த பற்றரியிலும் உண்டு. பொசுபேற்றுப் பசளையில், அது எடுக்கப்பட்ட பாறைக்கேற்ப, கட்மியமும் ஆசனிக்கும் கலந்திருக்கும். இவை மக்கி அழிவன அல்ல. ஈயம் மேல்மண்ணிலேயே பல்லாண்டு தங்கி, விளையாடும் பிள்ளையின் விரல்வழியே வாய்க்குச் செல்லும். நிறத்தாலோ சுவையாலோ இவற்றைக் கண்டறிய இயலாது. பரிசோதனை ஒன்றே வழி.

இரசாயனப் பசளையை 2021இல் திடீரெனத் தடைசெய்த அரசாங்கம், மக்களின் உடல்நலமே காரணம் என்றது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைக் கைவிட்டது. 2022இல் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கியது. விதைக்கச் சொன்னவர்கள், விதைக்கும் மண் எத்தகையது என்று சோதித்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லரா?

போரினால் மூடப்பட்ட பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை மீளத் திறக்கும் பேச்சும் எழுந்துள்ளது. தொழில் வரட்டும், வரவேற்போம். ஆனால் அதற்கு முன் சுற்றுப்புற மண்ணை அளந்து முடிவைப் பதிந்து வைக்காவிடில், நாளை மாசு தோன்றும்போது பொறுப்பாளி யார் என்று எதைக் கொண்டு நிறுவுவோம்?

நாம் கேட்பது சலுகையன்று. கமநல சேவை நிலையங்கள் வளவு மண்ணைச் சேகரிக்க வேண்டும். அறிவியல்நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கு வேண்டிய கருவியும் நிதியும் அளித்து அம்மண்ணை இலவசமாகச் சோதிக்க வேண்டும். முடிவைக் கமக்காரன் கையில் தமிழில் கொடுக்க வேண்டும்.

அதுவரை நாமும் வாளாவிருத்தல் ஆகாது. எறிகணைக் குழியிலும், பற்றரி உடைத்த இடத்திலும் கீரையும் கிழங்கும் நடாதிருப்போம். காய்களில் ஈயம் சேர்வது குறைவு. ஆகவே கத்தரியும் வெண்டியும் நடுவோம். கீரையை நன்கு கழுவி, கிழங்கைத் தோல் சீவி உண்போம். மக்கிய எருவை நிறைய இடுவோம். அது ஈயத்தைப் பிணைத்து வைக்கும்.

வைத்தியர்களும் பொறியியலாளரும் ஆசிரியர்களும் இக்கோரிக்கையில் கமக்காரனோடு தோள்சேர்ந்து நிற்க வேண்டும். அவன் மண்ணில் விளைவதையே அவர்களும் உண்கிறார்கள்.