கழுக்குன்றின் பெருமை கழுகின்கண்ணதோ?

"திருக்கழுக்குன்றத்திற்குக் கழுகுகள் வருதல் நின்றது, ஆகலான் அத்தலத்தின் சாந்நித்தியமும் குறைந்தது" என்று ஒருசாரார் கூறி வருகின்றனர். பொத்தேரி முதல் மாமல்லபுரம் வரையுள்ள அன்பர் குழாங்களிலும் இவ்வுரை வழங்கக் கேட்கின்றோம். பிறிதொருசாரார், "பறவைக்குச் சோறிட்டுப் பழக்கியதை அற்புதமென்றீர், அது போயிற்று, இனி உம்மலை வெறுங்கல்லே" என்று நகைக்கின்றனர். மூன்றாஞ்சாரார், "சிவன் உளன், பறவை வந்தாலென், வாராதொழிந்தாலென்" என்று வாளாவிருக்கின்றனர். இம்மூவர் கூற்றும் சைவத்திற்கு உடம்பாடன்று என்பதை ஈண்டு நிறுவுதும்.

செங்கற்பட்டிற்குத் தென்கிழக்கே சற்றேறக்குறைய 500 அடி உயர்ந்து நிற்பது இம்மலை. நால்வேதமும் மலையுருக்கொண்டு நின்றமையின் வேதகிரி எனப்பட்டது என்பது தலபுராணத் துணிபு. உச்சியில் வேதகிரீசுவரரும், அடிவாரத்தூரில் திரிபுரசுந்தரி உடனாய பக்தவத்சலேசுவரரும் எழுந்தருளியுள்ளனர். பன்னிரண்டாண்டிற்கு ஒருமுறை சங்கு தோன்றுமெனப் போற்றப்படும் சங்குதீர்த்தமும் அவ்வூரிலேயே உளது. நண்பகலில் இரு வெண்கழுகுகள் இம்மலைக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு செல்லும் காட்சி நெடுங்காலம் நிகழ்ந்து, இருபதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளோடு நின்றது.

முதற்சாராரை வினவுதும். தலத்தின் பெருமை கழுகினால் வந்ததாயின், தொல்லரசர் எதன்பொருட்டு அதனைப் பேணினர்? கந்தசிஷ்யன் என்னும் அரசன் இத்தலத்து மூலட்டானத்து இறைவனுக்கு நிலமளித்தான். வாதாபி கொண்ட நரசிங்கவர்மன் அதனைக் காத்தான். முதலாம் ஆதித்தசோழன் தனது 27-ஆம் ஆட்சியாண்டில் அவ்வறத்தைப் புதுக்கினான் என்று இத்தலத்துக் கல்வெட்டுக் கூறும். அந்நிலம் பறவைக்கு அளித்ததன்று; இறைவனுக்கு அளித்ததே. தேவார மூவரும் இத்தலத்தைப் பாடினர். மாணிக்கவாசகர் தமது திருக்கழுக்குன்றப் பதிகத்தின் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும், இறைவன் இங்குக் காட்சி தந்தமையையே வியந்து போற்றினர். மலையில் மாணிக்கவாசகர் கண்டது பதியை. இவர் தேடுவது பசுவை!

புராணவழி நோக்கினும் இவர் கூற்று நில்லாது. அக்கழுகுகள் சாபத்தாற் பறவையுருக்கொண்ட முனிவர் எனப்படும். அவர் ஆங்குத் தொழுவோரேயன்றித் தொழப்படுவோர் அல்லர். தொழுவோர் வாராமையால் தொழப்படுவோன் குறைவனோ? அடியார் ஒருவர் முத்தியடைந்தால் கோயிலைப் பூட்டுதல் எவ்வூர் வழக்கம்?

இனி, நகைப்பார்க்கு விடை. பறவை ஊட்டுங் கைக்குப் பழகும் என்பதை யாம் மறுத்திலேம். அப்பறவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தது என்று இயற்கைநூலார் கூறுவதும் எமக்கு மாறன்று. ஆயின் காண்டல், கருதல், உரை என்னும் அளவை மூன்றனுள் தலத்தின் திருவருள் உரையளவையால் நிறுவப்படுவது. யாம் பறவையை ஏதுவாகக் காட்டிச் சிவனை நிறுவினோமாயினன்றோ பறவை நீங்க எம் முடிபு வீழும்? மலைமேலுள்ள ஒருகல் மண்டபத்தில் வேடிக்கை காணவந்த ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டில் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றனர். பெயர் மட்டும் பொறித்துச் செல்வார்க்கு எம்மலையும் கல்லே.

இனி மூன்றாஞ்சாரார், சைவர்போற் பேசுதலின் இவரே பெரிதும் திருத்தப்படற்பாலர். நிலம், நீர், தீ, வளி, விசும்பு, ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டும் இறைவன் திருமேனி என்பது நம் சமயம். ஆயின் மலையும் அவன் மேனி. சுனைநீரும் அவன் மேனி. பறவையுள் நின்ற உயிரும் அவன் மேனி. திருமேனியின் ஒருகூறு அழியக்கண்டு "எனக்கென்" என்பது எவ்வகைப் பத்தி?

அவ்விரு கழுகுகளின் முடிவு யாதாயினும் ஆகுக. பாறுகள் பாரதநாடெங்கும் அருகியதன் தலையாய காரணம் ஆராய்ந்தறியப்பட்டுள்ளது. கால்நடைகளின் நோவு தணிக்க இட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, அவை இறந்தபின் ஊனில் நின்று, அதனை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பது 2004-இல் வெளிப்பட்டது. 2006-இல் அரசினர் அதனைக் கால்நடைக்கு வழங்குதலை விலக்கினர். 2023-இல் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் என்பனவும் விலக்கப்பட்டன. பாறுகளுக்குத் தீங்கிழையாத மெலாக்சிகம் என்னும் மருந்து உளது. நீலகிரியை அடுத்த மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் வாழ்கின்றன. இனம் முற்றும் அழிந்திலது.

எனவே, மலையைத் தொழுவோர்க்கு அதன் அடிவாரத்துச் சிற்றூர்களின் ஆவும் ஏரியும் அயலாகா. விலக்கிய மருந்தைத் தொழுவத்திற் புகவிடாமையும், மலைச்சாரலில் நெகிழிக் குப்பை எறியாமையும், சங்குதீர்த்தத்தை மாசுறாது காத்தலும் சிவத்தொண்டே. பௌர்ணமிதோறும் மலைவலம் வருவோர் தாம் மிதிக்கும் நிலத்தை நோக்காது உச்சியை மட்டும் நோக்குதல் அரைவழிபாடாம். திருக்கோயிலை அரன் எனவே தொழுக என்னும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்தைக் கற்றார், மலையே கோயிலாய தலத்தில் அதன் சாரலைப் புறக்கணித்தல் யாங்ஙனம்?

கழுகு வாராமையால் இறைவன் குறைந்திலன். குறைந்தது நம் கடமையே. மலையின் பெருமையை ஐயுறுதல் விடுத்து, மலையைச் சூழ்ந்த உயிர்களைப் பேணுமின் மெய்யன்பர்காள்!

திருச்சிற்றம்பலம்.